பாம்புக்கும் தோல் நோய் வருமா?

எழுதியது: ஒன்பதாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்ற உறுப்பினர்



'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்று பழமொழி சொல்வார்கள். அப்படிப்பட்ட பாம்புக்கே 'படை' வந்தால்? சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் கேட்கிறேன்.

நமக்குச் சொறி, சிரங்கு வந்தால் சொறிந்து கொள்ளக் கை இருக்கிறது. வீட்டில் ஆயா வேப்பிலை அரைத்துப் பூசுவார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் களிம்பு கொடுப்பார்கள். கையும் இல்லாத, காலும் இல்லாத பாம்புக்குத் தோலில் ஒரு புண் வந்தால் அது என்ன செய்யும்? யாரிடம் போய்ச் சொல்லும்?

கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் நமக்குப் பாம்பு புதிது இல்லை. கரும்புத் தோட்டம், மரவள்ளிக் காடு, நெல் வயல், வைக்கோல் போர் என்று எலி இருக்கிற எல்லா இடத்திலும் பாம்பும் இருக்கும். தினமும் பார்க்கிற உயிரினத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததோ கொஞ்சம்தான். ஆகவே பாம்பின் தோல் எப்படிப்பட்டது, அதற்கு என்னென்ன நோய் வரும், எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன வைத்தியம் என்பதை இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரே நாளில் முடியாவிட்டால் நாளைக்கும் வந்து படியுங்கள்!

பாம்பின் தோல்

பாம்பைத் தொட்டால் வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பாம்பின் தோல் உலர்ந்துதான் இருக்கும். உடம்பு முழுக்கச் செதில். அம்மா மீன் கழுவும்போது கத்தியால் சுரண்டினால் செதில் ஒவ்வொன்றாகத் தெறித்து விழும் அல்லவா? பாம்பின் செதில் அப்படித் தனியாக வராது. ஒரே தோல்தான் மடிந்து மடிந்து செதிலாக இருக்கிறது. அதன் மேல்பகுதி கெரட்டின் என்ற பொருளால் ஆனது. நம்முடைய நகம், முடி, மாட்டுக் கொம்பு எல்லாமே கெரட்டின்தான்.

இந்தத் தோல் பாம்புக்கு நான்கு வேலை செய்கிறது.

1. உடம்பில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது.
2. கல்லும் முள்ளும் குத்தாமல் பாதுகாக்கிறது.
3. வயிற்றுப் பக்கம் இருக்கும் அகலமான பட்டைச் செதில்கள், டிராக்டர் டயர் மண்ணைப் பிடிப்பது போலத் தரையைப் பிடித்துக் கொண்டு நகர உதவுகின்றன.
4. மண் நிறத்திலும் இலை நிறத்திலும் இருந்து எதிரி கண்ணில் படாமல் மறைக்கிறது.

இன்னொரு அதிசயம். பாம்புக்குக் கண் இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில் கண்ணை மூடியிருக்கிறது. அதனால்தான் பாம்பு கண் சிமிட்டுவதே இல்லை.

நாம் வளர வளரப் பழைய யூனிபார்ம் பத்தாமல் போகிறது. பாம்புக்கும் அதே கதைதான். மேல்தோல் உடம்போடு சேர்ந்து வளராது. அதனால் பழையதைக் கழற்றி விடுகிறது. இதைத்தான் சட்டை உரிப்பது என்கிறோம். நம் தோலும் தினமும் உதிர்கிறது. ஆனால் தூள் தூளாக உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை. பாம்பு மொத்தமாக ஒரே நாளில் கழற்றுகிறது. குட்டிகள் வேகமாக வளர்வதால் அடிக்கடி உரிக்கும். பெரிய பாம்புகள் வருஷத்துக்குச் சில தடவை உரிக்கும்.

நோயா? சட்டை உரிப்பா?

இதுதான் முக்கியமான இடம். சட்டை உரிக்கப் போகும் பாம்பைப் பார்த்து "நோய் பிடிச்ச பாம்பு" என்றும் "கண்ணு அவிஞ்சு போன பாம்பு" என்றும் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் நடப்பது இதுதான்.

முதலில் பாம்பின் நிறம் மங்கி, அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். அடுத்து இரண்டு கண்ணும் பால் கலந்த நீல நிறமாக மாறும். பழைய தோலுக்கும் அடியில் உருவான புதுத் தோலுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறுவதே இதற்குக் காரணம். இந்தச் சமயத்தில் பாம்புக்குப் பார்வை மங்கும். பயத்தில் ஒளிந்து கொள்ளும், இரை எடுக்காது, கிட்டே போனால் சீக்கிரம் கோபப்படும். சில நாளில் கண் மறுபடி தெளிந்து விடும். அதற்குச் சில நாள் கழித்துக் கல்லிலோ வேரிலோ மூக்கைத் தேய்க்கும். உதட்டுப் பக்கம் தோல் கிழியும். பிறகு நாம் காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வருமாறு சட்டையைக் கழற்றி விட்டுப் பளபளவென்று போய்விடும். எல்லாம் சேர்த்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே இப்படி நினைவில் வையுங்கள். உடம்பு முழுக்க ஒரே மாதிரி மங்கி, இரண்டு கண்ணும் ஒன்றாக வெளுத்திருந்தால் அது சட்டை உரிப்பு. அதற்கு வைத்தியமே தேவையில்லை. ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு, கொப்புளம், வீக்கம், புண், கெட்ட நாற்றம் இருந்தால் அதுதான் நோய்.

பாம்பு கழற்றிப் போட்ட சட்டையும் அதன் உடல்நிலையைச் சொல்லும். தலை முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக, கண் இருந்த இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடியோடு கிடந்தால் அந்தப் பாம்பு நலமாக இருக்கிறது என்று பொருள். துண்டு துண்டாகக் கிடந்தால் அதற்குத் தண்ணீர் பத்தவில்லை, அல்லது வேறு ஏதோ தொந்தரவு இருக்கலாம். (வேலியில் மாட்டியும் காற்றில் அடிபட்டும் கிழிந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.)

உங்களுக்குத் தெரியுமா? உரித்த சட்டை பாம்பை விட நீளமாக இருக்கும். கழற்றும்போது செதில்களுக்கு நடுவில் உள்ள மடிப்பெல்லாம் விரிந்து விடுகிறது. ஆறு அடிச் சட்டையைப் பார்த்தால் "ஆறு அடிப் பாம்பு" என்று அலற வேண்டாம். பாம்பு அதை விடச் சின்னதுதான்!

சட்டையை வைத்து என்ன பாம்பு என்றும் ஓரளவு சொல்லலாம். கட்டுவிரியன் சட்டையில் முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக அறுகோண வடிவில் இருக்கும். கண்ணாடி விரியனுக்குச் செதில் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு மேடு இருக்கும், தடவினால் சொரசொரக்கும். ஆனால் சட்டையை மட்டும் நம்பி "இது விஷமில்லாத பாம்பு" என்று முடிவு கட்டக் கூடாது. வீட்டுக்குள் புதுச் சட்டை கிடந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். சந்து பொந்தில் கையை விட்டுத் தேடாதீர்கள்.

தோல் நோய்களும் வைத்தியமும்

வைத்தியம் என்று நான் எழுதுவது கால்நடை மருத்துவரும் பயிற்சி பெற்றவர்களும் செய்வது. நாம் பாம்பைப் பிடித்துச் செய்து பார்ப்பதற்கு அல்ல!

1. ஒட்டிக் கொண்ட சட்டை

சட்டை முழுதாகக் கழலாமல் திட்டுத் திட்டாக ஒட்டிக் கொள்ளும். காய்ந்த பசை உரிந்து நிற்பது போல இருக்கும். காற்றில் ஈரம் பத்தாதது, குடிக்கத் தண்ணீர் இல்லாதது, தேய்க்கக் கல்லோ கட்டையோ இல்லாதது, உடம்பில் வேறு நோய் இருப்பது எல்லாம் காரணம். வால் நுனியில் வளையமாக ஒட்டினால் ஆபத்து. விரலில் இறுக்கமாக நூல் கட்டினால் ரத்தம் ஓடாதே, அதுபோல வால் நுனி கறுத்துச் செத்துப் போகும்.

வைத்தியம்: வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக விட்ட தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு ஈரத் துணிக்குள் பாம்பை நகர விடுவார்கள். துணியில் உரசித் தானே கழலும். பிய்த்து இழுக்கக் கூடாது. கண்ணில் ஒட்டியிருந்தால் மருத்துவர் மட்டுமே தொட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கண்ணே போய்விடும்.

2. உண்ணியும் பேனும்

மாட்டுக் காதில் உண்ணி ஒட்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பாம்புக்கும் செதில் இடுக்கில் உண்ணி ஒட்டும். இதை விட மோசமானது பாம்புப் பேன். மிளகைத் தூளாக்கித் தூவியது போலக் கறுப்புப் புள்ளியாக, ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் ஒளிந்து ரத்தம் குடிக்கும். அரிப்புத் தாங்காமல் பாம்பு தண்ணீர்ச் சட்டியிலேயே கிடக்கும். நிறையப் பேன் பிடித்தால் ரத்தசோகை வந்துவிடும். ஒரு பாம்பின் நோயை இன்னொன்றுக்கும் பரப்பும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்புப் புள்ளி நகர்வது தெரியும்.

வைத்தியம்: உண்ணியைத் தோலுக்குப் பக்கத்தில் இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுப்பார்கள். பேனுக்கு மருந்து கொடுப்பதோடு கூண்டையும் சுத்தம் செய்து, உள்ளே போட்ட எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐவர்மெக்டின் என்ற மருந்தை ஆடு மாடுகளுக்கு உண்ணியும் குடற்புழுவும் நீங்கக் கொடுக்கிறார்கள். பாம்புக்கும் மருத்துவர்கள் எடை பார்த்து மிகக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. அதே மருந்தை ஆமைக்குக் கொடுத்தால் ஆமை செத்தே போகலாம்! ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம். அதனால்தான் "ஆட்டுக்குப் போட்டது மிச்சம் இருக்கு" என்று எடுத்துப் போடக் கூடாது.

3. வயிற்றுக் கொப்புளம்

அடைத்து வைத்த பாம்புக்கு வரும் பெரிய நோய் இதுதான். ஈரமான, அழுக்கான தரையில் நாள் கணக்கில் படுத்திருந்தால் வயிற்றுச் செதில் முதலில் சிவக்கும். பிறகு நீர்க்கொப்புளம். அது உடைந்தால் புண். அதன் வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் பாம்பு இறந்துவிடும்.

வைத்தியம்: முதல் மருந்தே காய்ந்த, சுத்தமான தரைதான். தண்ணீர் கலந்த அயோடின் மருந்தால் புண்ணைக் கழுவுவார்கள். முற்றிவிட்டால் ஊசி. பாம்புக்கு ஊசியைப் பெரும்பாலும் உடம்பின் முன்பாதியில்தான் போடுகிறார்கள். பின்பாதியில் இருந்து வரும் ரத்தம் சிறுநீரகத்தின் பக்கமாகப் போவதால், மருந்து உடம்புக்குப் பரவும் முன்பே வெளியேறிவிடலாம் என்பது காரணம். பாம்பு குளிர் ரத்தப் பிராணி. அது இருக்கும் இடம் ரொம்பக் குளிர்ந்தால் புண்ணும் சீக்கிரம் ஆறாது.

4. கட்டி

தோலுக்கு அடியில் சீழ்க் கட்டி வரும. நமக்குச் சீழ் தண்ணியாக இருக்கும். பாம்புக்குப் பாலாடைக்கட்டி போலக் கெட்டியாக இருக்கும். அமுக்கினால் வெளியே வராது. மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

5. பூஞ்சை

நமக்குப் படர்தாமரை வருவது பூஞ்சையால். பாம்புக்கும் பூஞ்சை நோய் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு காட்டில் வாழும் ஒரு வகை விரியன் பாம்புகள் முகம் வீங்கிப் புண்ணாகிச் செத்தன. ஒபிடியோமைசஸ் என்ற பூஞ்சைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பல நாட்டு விஞ்ஞானிகள் காட்டுப் பாம்புகளின் தோலைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

6. வெட்டும் தீக்காயமும்

இது நம்மால் வருவது. தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் நைலான் வலையில் பாம்பு தலையை நுழைத்து விடும். செதில்கள் வால் பக்கமாகச் சாய்ந்து படிந்திருப்பதால் பின்னால் வர முடியாது. வலை செதிலுக்கு அடியில் மாட்டிக் கொள்ளும். திமிறத் திமிற நூல் தோலை அறுக்கும். கரும்பு வெட்டிய பிறகு சோகை கொளுத்தும்போது தீயில் மாட்டிக் கொள்ளும் பாம்புகளும் உண்டு. வீட்டுக்குள் வந்த பாம்பின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அதன் தோலையும் கண்ணையும் கெடுத்து, மெதுவாகக் கொல்லும்.

பெயின்ட் வாளியில் ஒரு மண்ணுளிப் பாம்பு

போன பங்குனியில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போது ஒரு மண்ணுளிப் பாம்பு கிடைத்தது. இதை இருதலைப் பாம்பு என்றும் சொல்வார்கள். வால் மழுங்கி, தலை மாதிரியே இருப்பதால் அந்தப் பெயர். ஆறு மாதம் இந்தப் பக்கமும் ஆறு மாதம் அந்தப் பக்கமும் தலையாக இருக்கும் என்பதெல்லாம் கதை. விஷமே இல்லாத பாம்பு அது. மண்ணுக்குள் இருந்து எலி பிடித்துத் தின்னும். முட்டை இடாது, குட்டி போடும்.

அண்ணனுக்கு யாரோ ஆசை காட்டி விட்டார்கள். "எடை ஏற ஏற லட்சக்கணக்கில் குடுப்பாங்க, பார்ட்டி வருவாங்க" என்று. அண்ணனுக்குக் கடன் இருந்தது. பாம்பைப் பெயின்ட் வாளியில் ஈர மண் போட்டு மூடி வைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. பார்ட்டி வரவில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தோம். மூடியைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. முதுகில் பழைய சட்டை பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. அண்ணன் குச்சியால் புரட்டிக் காட்டினார். வயிறு முழுக்கச் சிவப்பு. சுடு எண்ணெய் பட்டால் வருமே, அது மாதிரி கொப்புளம். அதன் மேல் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசியிருந்தார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் பூசினார். ஆனால் எண்ணெயில் மண் ஒட்டிப் புண் மேலும் அடைத்துக் கொண்டது.

என் கூட வந்த ஆயா, "ஏ பொண்ணு, கிட்ட போவாத! நக்கிச்சின்னா குஷ்டம் வரும்" என்று என்னை இழுத்தார்.

நான் மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் அண்ணனை நேரில் பார்த்துப் பொறுமையாகப் பேசினார். அந்தப் பாம்பில் எந்த மருந்தும் செய்வதில்லை, அதற்கு எந்த விலையும் கிடையாது, ஆசை காட்டுபவர்கள் ஏமாற்றுகிறார்கள், வைத்திருப்பதே குற்றம் என்று எடுத்துச் சொன்னார். அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்து, பிறகு தானே வனத்துறைக்குப் போன் செய்தார். என்னிடம் மட்டும் இரண்டு வாரம் பேசவில்லை. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஒரு தடவை கேட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வயிற்றைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வனக் காவலர் துணிப் பையில் பாம்பை எடுத்துப் போனார். கால்நடை மருத்துவர் அயோடினால் கழுவி, ஊசி போட்டாராம். காய்ந்த செய்தித்தாள் விரித்த பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், தேய்க்க ஒரு கல். அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து அந்தக் காவலர் ஊருக்கு வந்தபோது கேட்டோம். "ரெண்டு தடவை சட்டை உரிச்சுதும்மா. வயிறு சுத்தமாயிடுச்சு. மலைக்கு அந்தாண்ட விட்டுட்டோம்" என்றார். அண்ணனும் பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருந்தார். இப்போது என்னோடு பேசுகிறார்.

காயம் பட்ட பாம்பு வழக்கத்தை விடச் சீக்கிரமாகச் சட்டை உரிக்கும். ஒவ்வொரு தடவையும் புதுத் தோல் கொஞ்சம் நன்றாக வரும். பாம்பின் உடம்பிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. நாம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

பாம்பு நக்கினால் குஷ்டம் வருமா?

வராது, வராது, வராது! தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு அதைக் கண்டுபிடித்தார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு ரொம்ப நாள் நெருங்கி இருந்தால், அவருடைய மூச்சு, தும்மல் வழியாகப் பரவலாம். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நம்பிக்கையால் பாம்பு மட்டும் சாவதில்லை. மனிதர்களும் கஷ்டப்படுகிறார்கள். ஆயாவின் ஊரில் ஒரு அம்மாவுக்கு முதுகில் தேமல் வந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை. "மண்ணுளி நக்கியிருக்கும், வெளியில சொன்னா ஒதுக்கிடுவாங்க" என்று பயந்து சேலையால் மறைத்தே வைத்திருந்தாராம். கடைசியில் கிராம சுகாதார செவிலியர் பார்த்து அழைத்துப் போனார். கூட்டு மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். இதை ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்பிடியா சேதி?" என்று கேட்டுக் கொண்டார்.

பாம்பைத் தொட்டால் வரக் கூடியது வேறு ஒன்று. அதன் தோலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம். அது வயிற்றுப்போக்கைத் தரும். ஆகவே பாம்புச் சட்டையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பானையில் பாம்பு வைத்திருப்பவர்கள்

தமிழ்நாட்டில் அரசு அனுமதியோடு பாம்புகளை வைத்திருக்கும் ஓர் இடம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வடநெம்மேலி. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நம் மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் உண்டு.

ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகவே லட்சக்கணக்கான பாம்புகள் கொல்லப்பட்டன. கைப்பை, செருப்பு, பெல்ட் செய்ய வெளிநாட்டுக்குப் போயிற்று. இருளர்களும் தோலுக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பிழைப்புப் போன அவர்களுக்காக, பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இந்தச் சங்கம் உருவானது. இப்போது அவர்கள் பாம்பைக் கொல்லாமல், விஷத்தை மட்டும் எடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இந்தக் கலையில் சிறந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது நமக்கெல்லாம் பெருமை.

அவர்கள் பாம்பை மண்பானையில் வைத்து, பானை வாயைப் பருத்தித் துணியால் கட்டுகிறார்கள். மண்பானை குளிர்ச்சியாக இருக்கும். துணி வழியே காற்றுப் போகும். பிளாஸ்டிக் வாளியில் இந்த இரண்டும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு தெரிந்த அவர்களே ஒரு பாம்பைச் சுமார் மூன்று வாரம்தான் வைத்திருக்கிறார்கள். நான்கு தடவை விஷம் எடுத்த பிறகு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து காட்டில் விட்டு விடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி கிடைத்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

அப்படியானால் வீட்டில் வளர்க்கலாமா?

நம் நாட்டுப் பாம்பு எதையும் அனுமதி இல்லாமல் பிடிப்பதோ வளர்ப்பதோ விற்பதோ 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாரை, பச்சைப்பாம்பு, மண்ணுளி எல்லாம் இதில் அடங்கும்.

பெரிய நகரங்களில் சிலர் பந்து மலைப்பாம்பு என்ற ஆப்பிரிக்கப் பாம்பை வளர்க்கிறார்கள். இது போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துள்ளன. 2023 ஏப்ரலில் மலேசியாவிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. பெட்டிக்குள் அடைபட்டு வரும் பாம்பின் தோல் என்ன பாடு பட்டிருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

காயம்பட்ட பாம்பைக் கண்டால்

1. தூரத்தில் நில்லுங்கள். செத்தது போலக் கிடந்தாலும் தொடாதீர்கள்.
2. பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்கோ, தீயணைப்பு நிலையத்துக்கோ (101) தகவல் கொடுங்கள்.
3. வலையில் மாட்டியிருந்தால் நீங்களே அறுக்காதீர்கள். வந்து எடுக்கும் வரை நாயும் கோழியும் கிட்டே போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.
4. மண்ணெண்ணெய், பினாயில், எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் ஊற்றாதீர்கள், பூசாதீர்கள்.
5. வேலை முடிந்த வலையைச் சுருட்டி மேலே வையுங்கள். சோகை கொளுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தீ வைக்கச் சொல்லுங்கள். உயிர்கள் மறுபக்கமாகத் தப்பிக்கும்.
6. யாரையாவது பாம்பு கடித்து விட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல் வைத்து 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிவாக ஒன்று. மேலே எழுதிய நோய்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். கொப்புளம் ஈர வாளியால் வந்தது. ஒட்டிய சட்டை, தேய்க்கக் கல் இல்லாததால் வந்தது. வெட்டு வலையால் வந்தது. தீக்காயம் தீயால் வந்தது. பாதிக்கு மேல் நாம் கொடுத்த நோய். காட்டில் இருக்கும் பாம்புக்குக் கல்லும் வேரும் புற்றும் ஓடைத் தண்ணீரும் வெயிலும்தான் மருத்துவமனை. அதை அங்கேயே விட்டு வைப்பதே முதல் வைத்தியம்.

விடை சொல்லுங்கள் (விடையைப் பெயர், வகுப்போடு எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடவும்)

1. பாம்பு ஏன் கண் சிமிட்டுவதில்லை?
2. பாம்பின் இரண்டு கண்ணும் நீலமாக வெளுத்தால் அது நோயா?
3. ஆடு மாட்டுக்குப் போடும் எந்த மருந்து ஆமைக்கு ஆபத்து?